கொல்லைக் கோழி: கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஊர் கானாடுகாத்தான் பக்கம். பின்கட்டுக் கொல்லையில் பதினாறு நாட்டுக்கோழி வைத்திருந்தேன். பத்து நாளுக்கு முன் சந்தையில் ஒரு சேவலும் இரண்டு பெட்டையும் வாங்கி வந்து இவற்றோடு விட்டேன். ஐந்தாறு நாளில் ஒவ்வொன்றாகத் தூங்கி விழ ஆரம்பித்தன, பச்சையும் வெள்ளையுமாகக் கழிகின்றன, ஒன்று கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றுகிறது. ஆறு செத்துவிட்டன. மெடிக்கலில் கேட்டு மாத்திரை வாங்கிக் கரைத்து ஊற்றியும் பலனில்லை. மிச்சத்தையாவது விற்றுவிடு என்கிறார் பக்கத்து வீட்டு ஆச்சி. என்ன செய்வது?

பதில்: விற்காதீர்கள் அம்மா, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ஆச்சி உங்கள் நஷ்டத்தை நினைத்துத்தான் சொல்கிறார், ஆனால் சந்தையிலிருந்து உங்கள் கொல்லைக்கு வந்த அதே வழியில் இந்த நோய் இன்னொரு வீட்டுக்குப் போய்ச் சேரும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் வெள்ளைக் கழிச்சல் மாதிரி இருக்கிறது, ராணிக்கெட் என்பதும் இதுதான். வைரஸ் நோய் என்பதால் எந்த மாத்திரையும் இதைக் குணப்படுத்தாது, உங்கள் கைமருந்தில் குற்றமில்லை. ஆனால் மொத்தமாகச் சாகும்போது பறவைக் காய்ச்சலையும் பார்த்தாக வேண்டும், அதை வீட்டில் இருந்தபடி பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் இன்றைக்கே அரசு கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், கால்நடை உதவி எண் 1962-க்கு அழைத்தாலும் சரி. செத்த கோழியை வெறுங்கையால் தொடாதீர்கள், ஊரணிக் கரையில் வீசிவிடவும் கூடாது, நாயும் காக்கையும் இழுத்துப் போய்ப் பரப்பிவிடும். ஆழமாகக் குழி தோண்டி சுண்ணாம்பு போட்டு மூடுங்கள்.

நோய் கண்டவற்றைத் தனியே பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள். நல்ல கோழிகளுக்கு முதலில் தீனி, தண்ணீர் வைத்துவிட்டு, நோய்க் கோழியிடம் கடைசியாகப் போங்கள், வந்ததும் கைகால் கழுவுங்கள். பிழைத்துக்கொண்ட கோழியும் சில வாரம் கிருமியை வெளியேற்றிக்கொண்டிருக்கலாம், அதனால் புதுக் கோழி வாங்க அவசரம் வேண்டாம். அப்புறம் எங்கே வாங்கினாலும் குறைந்தது இரண்டு வாரமாவது தனியே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். இந்த ஒன்றைச் செய்திருந்தால் உங்கள் பழைய கோழிகள் தப்பியிருக்கும் என்று நினைக்கும்போது எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

இதற்கு உண்மையான காவல் தடுப்பு மருந்துதான். குஞ்சு பொரித்து ஏழாம் நாள் வாக்கில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டு வாரத்தில் இறக்கையடியில் ஊசி. ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைத் துறை ஊருக்கு ஊர் இலவச முகாம் நடத்துகிறது, அன்றைக்குக் கோழியை அவிழ்த்துவிடாமல் அடைத்து வைத்திருங்கள். பலர் வீட்டில் கோழி மேய்ச்சலுக்குப் போன பிறகுதான் ஊசிக்காரர் வந்து நிற்பார்.

இன்னொன்று, காலையில் கூட்டைத் திறக்கும்போது ஒரு நிமிடம் நின்று பாருங்கள். முண்டியடித்து வெளியே ஓடி வருவது நல்ல கோழி. பின்னால் இறக்கை தொங்க, கண்ணை மூடிக் குறுகி நிற்பதை அன்றைக்கே பிரித்துவிடுங்கள். கூட்டுக்கு அடியில் எச்சத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு மாதக் குஞ்சுகளின் எச்சத்தில் ரத்தம் வருகிறது. இதுவும் கழிச்சல்தானா? (தேவகோட்டை வாசகர்)

பதில்: இது வேறு, ரத்தக் கழிச்சலாக இருக்கும். குடலில் பெருகும் ஒட்டுண்ணி, ஈரத் தரை வழியாகப் பரவும். நேரத்தில் பிடித்தால் இதற்கு மருந்து உண்டு, எச்சத்தைக் கொஞ்சம் தாளில் மடித்து மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டி, அவர் தரும் மருந்தை அவர் சொல்லும் அளவில் தண்ணீரில் கலந்து கொடுங்கள். ஈரமான தவிட்டையும் உமியையும் இன்றே அள்ளிவிட்டு, காய்ந்த உமி பரப்பி, தண்ணீர்ச் சட்டியைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.