மகள் யூரின் டெஸ்ட் எடுக்கவா படிக்கிறாள்?

சிறுநீரில் பயோமார்க்கர் (நோயின் நிலையைக் காட்டிக்கொடுக்கும் மூலக்கூறு) ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்று மகள் சொன்னதும் உங்களுக்குத் தூக்கம் போய்விட்டது. காலமெல்லாம் லேப்பில் யூரின் டப்பாவோடு மல்லுக்கட்டுவாளோ என்ற பயம். அவள் கேட்கும் துறை அதுவல்ல.

உதாரணத்துக்கு, லூபஸ் நோயில் உடலின் எதிர்ப்பு சக்தி சொந்தச் சிறுநீரகத்தையே தாக்கக்கூடும். அழற்சி எந்த அளவில் இருக்கிறது என்று உறுதிசெய்ய ஊசி குத்தித் திசு எடுத்துப் பார்க்க வேண்டும். அதை மாதாமாதம் செய்ய முடியுமா? சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்கலாம்தான். ஆனால் பழைய தழும்பாலும் புரதம் கசியும், புதிதாகக் கிளம்பிய அழற்சியாலும் கசியும். இரண்டையும் பிரித்துக் காட்டும் மூலக்கூறைத்தான் தேடுகிறார்கள். அழற்சி செல்களை வரவழைக்கும் எம்சிபி-1, மேக்ரோபேஜ் என்ற எதிர்ப்பு செல்கள் உதிர்க்கும் சிடி163 போன்ற புரதங்கள் நம்பிக்கை தருகின்றன.

இப்படிப் புரதங்களின் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. 2006லேயே புரத ஆய்வாளர் மத்தியாஸ் மான் குழு சிறுநீரில் 1,500க்கும் மேற்பட்ட புரதங்களை அடையாளம் கண்டுவிட்டது. அவற்றில் எதை நம்பி மருந்தைக் கூட்டலாம், குறைக்கலாம் என்று நிரூபிக்கும் ஆட்களுக்குத்தான் பஞ்சம். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு வருபவரின் சிறுநீர் நீர்த்திருக்கும்; எம்சிபி-1 குறைவாகக் காட்டும், நோய் அடங்கிவிட்டதாக ஏமாந்துபோவோம். அதனால் தசையிலிருந்து ஏறக்குறைய சீராக வெளியேறும் கழிவான கிரியேட்டினினையும் அளந்து, எம்சிபி-1 அளவை அந்த அளவால் வகுத்துப் பார்ப்பார்கள். என்ஜிஏஎல் என்ற இன்னொரு புரதமோ சாதாரண சிறுநீர்த் தொற்றிலும் ஏறிவிடும். இந்த மாதிரி சிக்கலைக் கேட்டதும் மகளுக்கு ஆர்வம் கூடினால், சரியான இடத்துக்குத்தான் போகிறாள்.

‘பயோமார்க்கர்’ என்று பெயர் போட்ட குறுகிய படிப்பில் இப்போதே சேர்க்காதீர்கள். உயிர்வேதியியல், உயிர்த்தொழில்நுட்பம், மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் என்று அகலமான ஒன்றில் சேரட்டும். கூடவே புள்ளியியலும் அதற்கான ‘ஆர்’ மென்பொருளும் கட்டாயம். லேப் வேலை தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், கணக்கும் சேர்ந்து தெரிந்தவர்கள் குறைவு. பின்னாளில் ஆராய்ச்சி பிடிக்காமல் போனாலும் பரிசோதனை கிட் தயாரிக்கும் நிறுவனங்கள், மருந்துச் சோதனைகள், தரவுப் பகுப்பாய்வு என்று வேலைக்குக் கதவுகள் இருக்கும்.

ஆனால் முனைவர் பட்டம்வரை போனால் வருடக்கணக்கில் ஆகும், அதுவரை வருமானம் சுமார்தான். இதை அவளிடம் மறைக்க வேண்டாம். அப்புறம், கல்லூரியில் சேர்ந்த முதல் விடுமுறையிலேயே பேராசிரியர் யாரிடமாவது கேட்டு ஒரு லேப்பில் கூட நிற்கட்டும். 96 சிறு குழிகள் கொண்ட சோதனைத் தட்டில் ஒவ்வொரு குழியாகச் சொட்டு விடுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. அதைப் பார்த்துவிட்டு வந்தும் இதேதான் வேண்டும் என்றால், தயங்காமல் சரி சொல்லுங்கள்.