சிமுலேட்டரில் ரைட் ஃபிளையர் ஏன் இப்படித் துள்ளுகிறது?

ஒரு பழைய விமானத்தின் எடை, இறக்கை வடிவம், எஞ்சின் வலு எல்லாவற்றையும் கணினிக்குள் கொண்டுவந்து, அது பறந்த மாதிரியே பறக்க வைப்பதுதான் சிமுலேட்டர் மறுஉருவாக்கம்.

ரைட் சகோதரர்களின் 1903 ஃபிளையரில் மூக்கை ஏற்றி இறக்கும் பலகைகள் முன்னால் இருந்தன. பின்னால், இன்றைய விமானங்களில் இருப்பது போன்ற கிடைமட்ட வால் கிடையாது. எடை மையமும் பின்தள்ளி இருந்தது. அதனால் மூக்கு கொஞ்சம் தூக்கினால் தானாகத் தணியாது, இன்னும் தூக்கிக்கொண்டே போகும். உள்ளங்கையில் கம்பை நிமிர்த்தி வைத்திருப்பது போல, ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். பக்கவாட்டுக் கட்டுப்பாடு எனக்கு மிகவும் பிடித்த பகுதி: ஓட்டுபவர் குப்புறப் படுத்தபடி இடுப்பை நகர்த்துவார், கம்பிகள் இறக்கை நுனிகளை முறுக்கும், சுக்கானும் கூடவே திரும்பும்.

மாடலில் ஏதோ கோளாறு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, டிசம்பர் 17 அன்று 12 விநாடியில் 120 அடி பறந்த நிஜ விமானமும் இப்படித்தான் ஏறி இறங்கிப் போனது.