23 வரி எழுதினால் 5 தான் முடியுது, நான் என்ன செய்யிறது?

யாழ்ப்பாணம் கொக்குவிலில இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறா. தனியார் ஒபிஸ் ஒண்டில கணக்குப் பகுதியில வேலை, ரெண்டு பிள்ளையள், சீனி வருத்தம் உள்ள அம்மாவும் கூட இருக்கிறா. ஒவ்வொருநாளும் விடியக் கொப்பியில செய்ய வேண்டியதெல்லாம் எழுதுறாவாம், 20, 23 எண்டு வருமாம், இரவு பாத்தால் 5 தான் வெட்டுப்பட்டிருக்குமாம், மிச்சத்தை அடுத்தநாளுக்கு மாத்தி எழுதி எழுதி இப்ப கொப்பியைத் திறக்கவே பயமாக் கிடக்காம், படுத்தால் நித்திரையும் வருகுதில்லையாம். வட்ஸ்அப் குறூப்பில 15,000 ரூபாவுக்கு நேர முகாமைத்துவக் கோர்ஸ் எண்டு ஒண்டு வந்திருக்காம், சேரட்டோ எண்டும் கேக்கிறா. கொப்பியில ஒரு பக்கத்தைப் படமெடுத்தும் அனுப்பியிருக்கிறா.

கோர்ஸில சேராதேங்கோ தங்கச்சி. இதை முதல்லயே சொல்லிப்போடுறன், ஏனெண்டால் நீங்கள் இதை முழுக்க வாசிக்க முதல் காசைக் கட்டிப்போடுவியளோ எண்டு பயமாக் கிடக்கு. 20 வருசமா ஒபிஸ் ஆக்களுக்கு வேலையை ஒழுங்குபடுத்துறது எப்பிடி எண்டு சொல்லிக் குடுத்து வாறன், இப்ப கொஞ்ச வருசமாத்தான் இந்த வியாபாரம் இப்பிடிப் பெருத்துப்போய்க் கிடக்கு. கலர்கலரா அச்சடிச்ச கொப்பி ஒண்டு, மூண்டு சூம் வகுப்பு, கடைசியில ஒரு சேட்டிபிக்கேற், அதோட உங்களுக்குக் கட்டுப்பாடு காணாது எண்டு ஒரு பேச்சு. போன வருசம் ஒரு அம்மா காப்பை அடகு வச்சுக் காசு கட்டிப்போட்டு என்னட்ட வந்தவா, அந்தக் கொப்பியில எழுதியிருந்தது 11 பக்கம், அந்தப் 11 பக்கத்திலயும் தன்னைத்தானே ஏசி எழுதியிருந்தா. எனக்கு வயிறு பத்தினது. கடையில வாங்கிற ஒரு சீஆர் கொப்பியும் பேனையும் உங்களுக்குக் காணும்.

உங்கட படத்தைப் பாத்தன். நீங்கள் சோம்பேறி இல்லை, உங்கட லிஸ்ட் தான் பிழையா எழுதுப்பட்டிருக்கு. "கரண்ட் பில்" எண்டு ஒரு வரி, அது 5 நிமிச வேலை. அதுக்குக் கீழ அதே அளவு எழுத்தில "காணி அலுவல்" எண்டு கிடக்கு. அது ஒரு வருசத்து அலைச்சல் எல்லோ. காணி உறுதிப் பத்திரத்தை எடுக்க வேணும், காணிப் பதிவகத்தில தோம்பு எண்ட பதிவேட்டைப் பாக்க வேணும், நில அளவையாளரைப் பிடிக்க வேணும், நொத்தாரிசிட்டப் போக வேணும், இவ்வளவையும் ரெண்டு சொல்லுக்குள்ள அடக்கி வச்சால் எந்த நாள் அதை வெட்டுவியள்? ஒரு வரியை வாசிச்ச உடன கை எங்க போக வேணும், எதை எடுக்க வேணும் எண்டு தெரியோணும். தெரியாட்டி அது இன்னும் வேலையா மாறேல்லை, அதுக்குள்ள இருந்து முதல் அடியை உருவி எடுத்து எழுதுங்கோ.

"அம்மா கிளினிக்" எண்டு எழுதியிருக்கிறியள், அதையே எடுப்பம். அது வியாழக்கிழமை எண்டால், புதன் பக்கத்தில "இரவு சாப்பிட்ட பிறகு கிளினிக் கொப்பி, ரிப்போட், மிச்ச மருந்து மூண்டையும் பையுக்குள்ள வைக்கிறது" எண்டு ஒரு வரி, "ஓட்டோ அண்ணைக்கு விடிய 5.45க்கு வரச்சொல்லிப் போன்" எண்டு இன்னொரு வரி. வியாழன் விடிய யோசிக்க ஒண்டும் இருக்காது, ஏறிப் போறது மட்டும் தான்.

எத்தினை வரி எழுதுறது? உங்களுக்கு ஒருநாளைக்கு 5 முடியுது எண்டு நீங்களே சொல்லிப்போட்டியள், அப்ப 5 எழுதுங்கோ. 6 ஆவதுக்கு இடமில்லை. மனிசருக்குத் தங்கட வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் எண்டு கணக்குப் போட வராது, அது உங்களுக்கு மட்டும் உள்ள குறை இல்லை. கனடாவில பல்கலைக்கழக மாணவரிட்டை ஆய்வுக்கட்டுரை எழுதி முடிக்க எத்தினை நாள் செல்லும் எண்டு கேட்டவை, சராசரியா 34 நாள் எண்டு சொன்னவை, முடிய 55 நாளுக்கு மேல சென்றது. 1994 இல வந்த ஆய்வு அது. ஆனபடியால் அரை மணித்தியாலம் எண்டு நினைக்கிற வேலைக்கு முக்கால் மணித்தியாலம் விடுங்கோ.

எழுதுறதை விடியலில இருந்து இரவுக்கு மாத்துங்கோ. நித்திரை வருகுதில்லை எண்டதுக்கும் இதில மருந்து இருக்கு. அமெரிக்காவில பேய்லர் பல்கலைக்கழகத்தில 57 இளம் ஆக்களைப் படுக்கப் போக முதல் 5 நிமிசம் எழுத விட்டவை, பாதிப்பேர் வாற நாளில செய்ய வேண்டியதை எழுதினவை, மற்றப் பாதி செய்து முடிச்சதை எழுதினவை. செய்ய வேண்டியதை எழுதினவைக்கு கிட்டத்தட்ட 9 நிமிசம் முந்தி நித்திரை வந்திருக்கு, விபரமா எழுதின ஆக்களுக்கு இன்னும் கெதியா வந்தது. அந்த ஆய்வு 2018 இல வந்தது. தலைக்குள்ள சுத்துற விசயத்தைப் பேப்பரில இறக்கி வச்சால் மனம் விட்டுடும்.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வாறன். உங்கட 23 வரியில 8 வரி மற்றவையின்ர கையில கிடக்கு. கிராம சேவகரின்ர கடிதம், அம்மான்ர பென்சன் பிழை திருத்தம், பாங்கில இருந்து வர வேண்டிய பேப்பர். இதெல்லாம் உங்கட வேலை இல்லை, நீங்கள் காத்துக்கொண்டிருக்கிற வேலை. கொப்பியின்ர கடைசிப் பக்கத்தைத் திருப்பி அங்க எழுதுங்கோ, ஆரிட்டக் குடுத்தது, எந்தத் திகதி, திருப்பி எப்ப கேக்கிறது, அவ்வளவும் தான். கிழமையில ஒருநாள் மட்டும் அந்தப் பக்கத்தைப் பாருங்கோ. ஒபிஸில "நாளைக்கு வாங்கோ" எண்டு சொன்னதை நீங்கள் உங்கட குற்றமா ஒவ்வொரு விடியவும் எழுதிக்கொண்டு இருக்கிறியள், அது தான் உங்களைத் தின்னுது.

இதுக்கு ஒரு விதிவிலக்கு இருக்கு, அதை வடிவா விளங்கிக்கொள்ளுங்கோ. கடைசித் திகதி உள்ள விசயம். சின்னவனை ஆண்டு ஒண்டுக்குச் சேர்க்கிற விண்ணப்பம் எண்டு எழுதியிருக்கிறியள், அதை மட்டும் கடைசிப் பக்கத்தில விடாதேங்கோ. முடிவுத் திகதியைப் பெரிசா எழுதி அதில இருந்து பின்னால எண்ணிக்கொண்டு வாங்கோ. பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் கையில இருக்க வேண்டிய நாள், வாக்காளர் இடாப்புப் பிரதி எடுக்கப் போற நாள், கடிதம் வராட்டி ரெண்டாந்தரம் போற நாள், அப்பவும் வராட்டி மூண்டாந்தரம் போய் மேலதிகாரியைக் கேக்கிற நாள். ஒவ்வொண்டும் அந்தந்த நாளின்ர 5 வரிக்குள்ள ஒரு வரியா வரவேணும். மற்ற அலுவல் பிந்தினால் அலைச்சல் மட்டும் தான், இது பிந்தினால் பிள்ளைக்கு ஒரு பள்ளிக்கூடம் போச்சு. பிந்தினது ஒபிஸ் ஆக்களெண்டாலும் திகதி முடிஞ்சால் விண்ணப்பத்தை ஒருத்தரும் எடுக்க மாட்டினம்.

அரசாங்க ஒபிஸில கவுண்டருக்கு முன்னால என்னென்ன பேப்பர் வேணும் எண்டு ஒரு மட்டையில எழுதித் தொங்கவிட என்ன கஸ்ரம் எண்டு எனக்கு இண்டைவரைக்கும் விளங்கேல்லை. ஒருக்காப் போனால் போட்டோக் கொப்பி இல்லை, அடுத்தமுறை போனால் ஐயா லீவு. அந்த இடைவெளியில தான் வாசலில பைலோட நிக்கிற ஆக்கள் பிழைக்கினம். "உள்ளுக்கு ஆளைத் தெரியும், நீங்கள் மினக்கெடாதேங்கோ, நான் முடிச்சுத் தாறன்" எண்டுவினம். குடுத்துப்போட்டு லிஸ்டில அந்த வரியை வெட்டிப்போடாதேங்கோ. மூல உறுதி, அடையாள அட்டை ஒண்டையும் அவையின்ர கையில விடவேண்டாம், எத்தினையோ பேர் உறுதியைத் தேடித் திரிஞ்சதை நான் கண்டிருக்கிறன். போக முதல் 1919 க்கு அடியுங்கோ, அரசாங்கத் தகவல் நிலையம், தமிழில கேக்கலாம், என்ன பேப்பர் வேணும் எண்டு சொல்லுவினம். பென்சன் அலுவல் மாசக்கணக்காக் கிடக்கு எண்டால் 2016 ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ எழுத்தில கேளுங்கோ, தகவல் தாறதோ இல்லையோ எண்ட முடிவை 14 வேலை நாளுக்குள்ள சொல்ல வேணும். அந்தத் திகதியை எண்ணிக் கடைசிப் பக்கத்தில போடுங்கோ.

போனில எழுதுறதோ கொப்பியில எழுதுறதோ எண்டும் கேட்டிருந்தியள். கொப்பி தான். போனைத் திறந்தால் அந்தக் கோர்ஸ்காரன் தான் முதல்ல வருவான்.

இண்டைக்கு இரவு பழைய 23 ஐயும் பாத்து எழுதாமல் புதுப் பக்கம் ஒண்டு எடுங்கோ. கரண்ட் பில்லை எழுதுங்கோ. காணி அலுவல் எண்டு எழுதாதேங்கோ, "அல்மாரித் திறப்பு எங்க எண்டு அம்மாவைக் கேட்டு உறுதியை எடுத்து மேசையில வைக்கிறது" எண்டு எழுதுங்கோ.