பயம் மொதல்ல நெஞ்சுல வருதா, மூளையில வருதா?

இந்த சண்டை இன்னும் ஓயல பாஸ். போன வாரம் திருவொற்றியூர் ஹை ரோட்ல பைக்ல போறேன், ஒரு கன்டெய்னர் லாரிக்காரன் இண்டிகேட்டர் கூட போடாம அப்படியே லெஃப்ட்ல அணைச்சிட்டான், கை தானா பிரேக்க புடிச்சிச்சு, வண்டிய ஓரங்கட்டி டீக்கடையில நின்னப்புறம்தான் பயமே வந்துச்சு, கை நடுங்கி பாதி டீ பேண்ட்ல.

இதத்தான் 1884லயே வில்லியம் ஜேம்ஸ்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட் சொன்னாரு, உடம்பு மொதல்ல ஆடும், அந்த ஆட்டத்த உணர்றதுதான் பயம்னு. 1927ல வால்டர் கேனன்னு உடம்பு எப்படி வேலை செய்யுதுன்னு ஆராய்ஞ்ச ஒருத்தர் இத ஒத்துக்கல. கோவத்துலயும் நெஞ்சு அடிக்குது, ஜுரத்துலயும் அடிக்குது, அப்போ எத வெச்சு இது பயம்னு தெரியும்? நியாயமாத்தான் கேட்டாரு.

அப்புறம் அமிக்டலா, பாதாம் பருப்பு சைஸ்ல மூளைக்குள்ள ரெண்டு பக்கமும் இருக்கும். 'பயத்தோட ஹெட் ஆபீஸே அதான்'னு யூடியூப்ல அடிச்சு விடுவாங்க, நம்பாதீங்க. ரெண்டு அமிக்டலாவும் கெட்டுப்போன ஒரு அமெரிக்க அம்மாவுக்கு பாம்பக் கண்டாலும் பயமில்ல, பேய் வீட்டுக்கு கூட்டிட்டுப் போனாலும் சிரிச்சாங்க, ஆனா கார்பன் டை ஆக்சைடு கலந்த காத்த மூக்குல விட்டதும் பதறிட்டாங்க, 2013ல அந்த ஆய்வு வெளியாச்சு.