வெள்ளாற்றில் புதுச் சிப்பியா?

பரங்கிப்பேட்டைப் பக்கம் வெள்ளாற்றில், வலைக்கம்பில் கொத்துக் கொத்தாகக் கறுப்புச் சிப்பி ஒட்டியிருக்கிறது, புது இனமா என்று கேட்டிருந்தீர்கள். படத்தைப் பார்த்தால் காக்கா ஆழி என்கிற சிப்பி போலத்தான் தெரிகிறது. தென் அமெரிக்கப் பக்கத்து இனம், அறிவியல் பெயர் மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா. கேரளத்தில் அஷ்டமுடி ஏரியிலும், நம் எண்ணூரிலும் ஏற்கெனவே பரவிவிட்டது. அதனால் உலகுக்குப் புதிதல்ல. உங்கள் ஆற்றுக்குப் புதிதாக இருக்கலாம். அதுவே பதிவு செய்ய வேண்டிய சேதிதான்.

நிறத்தை நம்பாதீர்கள், ஒரே கொத்திலேயே கறுப்பு, பழுப்பு, பச்சை எல்லாம் வரும். சிப்பியின் ஓட்டைத் திறந்து கூர்முனையின் உட்புறம் பாருங்கள். அங்கே குட்டித் தட்டு மாதிரி ஒரு தடுப்பு இருந்தால் அது மைட்டிலாப்சிஸ் என்ற இன்னொரு சிப்பி, வேறு குடும்பம்.

சரி, மாதிரி எடுப்பதற்கு வருவோம். சிறிதும் பெரிதுமாகச் சில சிப்பிகளை எடுத்து, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். பிறகு ஓட்டை லேசாகப் பிளந்து 95% எத்தனாலில் போடுங்கள். மூடியபடி போட்டால் உள்ளே சதை அழுகிவிடும். ஃபார்மலின் வேண்டாம், டிஎன்ஏ கெடும். தேதி, இடம், தண்ணீரின் உப்புத்தன்மையை ஒரு தாளில் பென்சிலால் எழுதிப் புட்டிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை கரைந்துவிடும். உயிரோடு எதையும் வேறு தண்ணீருக்குக் கொண்டுபோக வேண்டாம்.

அப்புறம், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் உங்கள் ஊரிலேயே இருக்கிறதே! முகநூலில் 'புது இனம்' என்று போடும் முன் புட்டியோடு அங்கே போங்கள்.