கூட்டமாகச் சுற்றுலா போகும்போது பொறுப்பாக நடக்கவைப்பது எப்படி?

கேள்வி: உறவினர்கள், நண்பர்கள் என்று 25 பேர் வரை சேர்த்து அவ்வப்போது சுற்றுலா அழைத்துப் போகிறேன். எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் வெளியூரில் கால் வைத்ததும் வேறு ஆட்களாகிவிடுகிறார்கள். குரங்குக்குத் தீனி போடுகிறார்கள், பாதையை விட்டு இறங்கிப் படம் எடுக்கிறார்கள், காலி பாட்டிலை அங்கேயே விட்டு வருகிறார்கள், அந்த ஊர் மக்களைக் கேட்காமலேயே படம் பிடிக்கிறார்கள். சொன்னால், "ஜாலியா இருக்க வந்த இடத்துல பாடம் எடுக்காதீங்க" என்கிறார்கள். சண்டை வராமல் இவர்களை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

பதில்: நல்லவர்கள்தான் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள், அதையே பிடித்துக்கொள்ளுங்கள். வெளியூரில் நம்மைத் தெரிந்தவர் யாரும் இல்லை. அந்த இடத்தைப் பற்றி நமக்கும் ஒன்றும் தெரியாது. நேரமும் குறைவு. இந்த மூன்றும் சேர்ந்தால் யாராக இருந்தாலும் கொஞ்சம் கவனம் தப்பும். அதனால் ஆளைத் திருத்தப் பார்க்காதீர்கள். எந்த நேரத்தில் என்ன சொல்கிறீர்கள், கையில் என்ன கொடுக்கிறீர்கள், பயண நாளை எப்படித் திட்டமிடுகிறீர்கள் என்பதில்தான் மாற்றம் வேண்டும்.

முதலில் சொல்லும் விதம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பல கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்த மரங்கள் கல்லாகிக் கிடக்கும் தேசியப் பூங்கா ஒன்று இருக்கிறது. வருகிறவர்கள் அந்தக் கல்மரத் துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவது அங்கே பெரிய தொல்லை. ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரின் குழு அடையாளமிட்ட துண்டுகளைப் பாதையோரம் போட்டு வைத்து, அறிவிப்புப் பலகைகளை மாற்றி மாற்றிப் பார்த்தது. "முன்பு வந்த பலர் துண்டுகளை எடுத்துப் போய் இந்த இடத்தையே மாற்றிவிட்டார்கள்" என்ற பொருளில் ஒரு பலகை. "தயவுசெய்து எடுக்காதீர்கள்" என்ற பொருளில் இன்னொன்று. முதல் பலகை இருந்தபோது சுமார் 8 சதவீதத் துண்டுகள் காணாமல் போயின. இரண்டாவதில் 2 சதவீதத்துக்கும் குறைவு. வருத்தப்பட்டு எழுதிய வாசகம், "எல்லோரும் எடுக்கிறார்கள்" என்ற செய்தியைத்தான் படிப்பவர் காதில் போட்டது.

நாமும் இதைத்தான் செய்கிறோம். பயணத்துக்கு முதல் நாள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குப்பைமேட்டுப் படத்தைப் போட்டு, "நம்ம ஜனங்க இப்படித்தான்" என்று எழுதுகிறோம். அதை நிறுத்திவிடுங்கள். சரியாக நடந்துகொண்டவர்களைப் பற்றிச் சொல்லுங்கள். 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், ஹோட்டல் அறையில் குளியல் துண்டை மறுபடி பயன்படுத்தச் சொல்லும் அட்டையைச் சோதித்தார்கள். சுற்றுச்சூழலைக் காப்போம் என்ற வழக்கமான வேண்டுகோளுக்குச் சுமார் 35 சதவீதம் பேர் இணங்கினார்கள். இங்கே தங்கும் விருந்தினர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் செய்கிறார்கள் என்று எழுதியதும் அது 44 ஆனது. இதே அறையில் தங்கியவர்கள் என்று குறிப்பிட்டபோது சுமார் 49. அதனால், "போன தடவை நம்ம குழுவில் நிறையப் பேர் சொந்த பாட்டில் கொண்டுவந்தார்கள்" என்பது நீண்ட அறிவுரையை விட நன்றாக வேலை செய்யும். ஆனால் அது உண்மையாக இருக்கவேண்டும். இல்லாததைச் சொன்னால் உங்கள் குழுவுக்கு உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது காரணம். "தீனி போடாதே" என்பது வெறும் உத்தரவு. தீனிக்குப் பழகிய குரங்கு மனிதர்களைத் தேடி வரும், பையைப் பிடுங்கும், கடிக்கும், சாலைக்கு வந்து வண்டியில் அடிபடும். தொல்லை அதிகமானால் அதைப் பிடித்து வேறெங்கோ கொண்டுபோய் விடுவார்கள். இதைச் சொன்னால் கை தானாக நிற்கும். 2016-இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில், குளிரில் வாடுகிறதே என்று இரக்கப்பட்டு ஒரு காட்டெருமைக் கன்றைச் சுற்றுலாப் பயணிகள் காரில் ஏற்றினார்கள். பிறகு மந்தை அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கன்று சாலையில் மனிதர்களிடமும் வண்டிகளிடமும் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் அதைக் கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று. அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதனாலேயே இந்தச் சம்பவத்தை உங்கள் குழுவுக்குச் சொல்லலாம். யாரும் தங்களைக் குற்றம் சாட்டுவதாக நினைக்கமாட்டார்கள்.

பாதையை விட்டு இறங்குவதற்கும் இப்படிச் சொல்லுங்கள். மிதிபட்ட மண் இறுகிவிடும், வேருக்குத் தண்ணீரும் காற்றும் போகாது, செடி பட்டுப்போகும், அடுத்த மழையில் மண் அரித்துப் போகும். ஒருவர் போன தடம் தெரிந்தால் பின்னால் வருகிறவர் அதையே பாதை என்று நினைப்பார். பழத்தோலுக்கு ஒரு சாக்கு தயாராக இருக்கும்: "மக்கிடும்ல!" மக்கும்தான், ஆனால் வறண்ட இடத்திலும் குளிர்ந்த இடத்திலும் அதற்கு நெடுநாள் ஆகும். அதுவரை விலங்குகளைச் சாலையோரத்துக்கு இழுக்கும். திரும்பக் கொண்டுவரவேண்டிய குப்பையில் அதுவும் சேர்த்திதான்.

எப்போது சொல்வது? ஓடும் பஸ்ஸில் பாட்டுக்கு நடுவே மைக்கைப் பிடித்துப் பத்து விதிகள் சொன்னால் ஒன்றும் ஏறாது. பசிபிக் பெருங்கடலில் உள்ள பலாவ் என்ற சின்னத் தீவு நாடு 2017 டிசம்பரில் நல்ல ஏற்பாடு ஒன்றைக் கொண்டுவந்தது. உள்ளே நுழையும்போதே பாஸ்போர்ட்டில் ஓர் உறுதிமொழியை முத்திரையாகக் குத்துவார்கள். பயணி அதில் கையெழுத்திட வேண்டும். அந்த உறுதிமொழி அந்த நாட்டுக் குழந்தைகளைப் பார்த்துச் சொல்வதுபோல் எழுதப்பட்டிருக்கிறது. நீங்களும் பெயர் கொடுக்கும்போதே மூன்றே மூன்று விஷயங்களுக்குச் சம்மதம் வாங்குங்கள்: குப்பையைத் திரும்பக் கொண்டுவருவோம், விலங்குக்குத் தீனி போடமாட்டோம், கேட்காமல் யாரையும் படம் எடுக்கமாட்டோம். அப்புறம் ஒவ்வொரு இடத்திலும் வண்டியை விட்டு இறங்குவதற்கு முன், அந்த இடத்துக்குத் தேவையான ஒன்றை மட்டும் நினைவுபடுத்துங்கள். ஒரு நிமிடம் போதும்.

விலங்குகளிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்பது என்று கேட்டால், ஒரு சுலபமான வழி உண்டு. கையை நீட்டி, கட்டைவிரலை நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். விலங்கு முழுவதும் விரலுக்குப் பின்னால் மறைந்தால் தூரம் பரவாயில்லை. மறையாவிட்டால் பின்வாங்குங்கள். அந்த இடத்துக்கென்று விதி இருந்தால் அதுதான் முக்கியம். யெல்லோஸ்டோனில் காட்டெருமைக்கு 23 மீட்டர், கரடிக்கும் ஓநாய்க்கும் 91 மீட்டர். குழந்தைகளுக்கு இந்தக் கட்டைவிரல் விளையாட்டு மிகவும் பிடிக்கும். பெரியவர்களைக் கண்காணிக்கும் வேலையை மட்டும் அவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள்.

இனி உங்கள் பக்கம். மன்னியுங்கள், பாதித் தவறு பயணத் திட்டத்தில்தான் நடக்கிறது. ஒரே நாளில் ஐந்து இடம், ஒவ்வொன்றிலும் இருபது நிமிடம் என்று போட்டால் ஜனங்கள் ஓடுவார்கள், கத்துவார்கள், முண்டியடிப்பார்கள், கிடைத்ததைப் படம் எடுத்துக்கொண்டு வண்டி ஏறுவார்கள். யாரிடமும் நின்று பேச நேரமில்லாதபோது அனுமதி எப்படிக் கேட்பார்கள்? இரண்டு இடமாகக் குறையுங்கள். ஒரு மணி நேரம் உட்காரவிட்டால் குரல் தானாகத் தாழும். கழிப்பறைக்கு எங்கே நிறுத்துவது என்பதையும் முன்பே பார்த்து வையுங்கள். வசதியே இல்லாத காட்டுப் பகுதி என்றால், தண்ணீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி தோண்டி மூடவேண்டும். குப்பைப் பையை நீங்களே வாங்கி, இரண்டு பேரைப் பொறுப்பாக்குங்கள். பை கண் முன்னால் இருந்தால் பாட்டில் தரையில் விழாது.

படம் எடுப்பதில் ஒரே விதி: முதலில் பேச்சு, பிறகு கேமரா. வேண்டாம் என்று தலையசைத்தால் அத்தோடு விட்டுவிட வேண்டும். குழந்தைகளென்றால் பெற்றோரைக் கேட்காமல் எடுக்கவும் கூடாது, இணையத்தில் போடவும் கூடாது.

இத்தனைக்கும் பிறகு யாராவது மீறினால் தனியாக, பக்கத்தில் போய்ச் சொல்லுங்கள். ஆளைப் பற்றிப் பேசாமல் செயலைப் பற்றிப் பேசுங்கள். "மாமா, அந்தப் பொட்டலத்தை உள்ளே வச்சிடுங்க, குரங்கு பாய்ஞ்சிடும்" என்றால் யாருக்கும் கோபம் வராது. வயதில் மூத்தவர் உங்கள் பேச்சைக் கேட்கமாட்டார் என்றால் அவர் மதிக்கும் ஒருவரைச் சொல்லவையுங்கள். விலங்குக்கோ மனிதருக்கோ தீங்கு நடக்கிறது, சட்டம் மீறப்படுகிறது என்றால் மட்டும் தாட்சண்யம் பார்க்காதீர்கள். எல்லோர் முன்னாலும் உடனே தடுக்கலாம். சின்னச் சின்ன விஷயங்களை அன்று மாலை பொதுவாகப் பேசிக்கொள்ளலாம். எத்தனை முறை சொன்னாலும் கேட்காத ஒருவர் இருந்தால், அடுத்த பயணத்துக்கு அவர் பெயரை எழுதிக்கொள்வதற்கு முன், அந்த மூன்று சம்மதங்களையும் அவரிடம் நேரில் கேளுங்கள். முடியாது என்றால் இந்தத் தடவை இடமில்லை என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.