பிரைம் இறங்கினால் வியாபாரம் ஏறுமா?

வாசகர் கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் மசாலா, பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறேன். 2024 செப்டம்பர் வரை 11.75 சதவீதமாக இருந்த பிரைம் வட்டி (வங்கிகள் கடனுக்கு அடிப்படையாக வைக்கும் வட்டி), 2025 நவம்பரில் 10.25க்கு வந்துவிட்டது. "நல்ல காலம் திரும்பிவிட்டது, ஃபீனிக்ஸில் இன்னொரு கடை போடுங்கள்" என்கிறார் என் மைத்துனர். அதற்கு 5 லட்சம் ராண்ட் கடன் வேண்டும், 5 வருடத்தில் அடைக்க வேண்டும். வட்டியை நம்பி இறங்கலாமா?

பதில்: கடை போடுவதும் போடாததும் உங்கள் கணக்கைப் பொறுத்தது. ஆனால் வட்டி இறங்கியதை மட்டும் நல்ல காலத்துக்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தென்னாப்பிரிக்க ரிசர்வ் வங்கியின் நாணயக் கொள்கைக் குழு ஆண்டுக்கு 6 முறை கூடி, வங்கிகளுக்கு அது கடன் தரும் ரெப்போ வட்டியை முடிவு செய்கிறது. அதோடு 3.5ஐக் கூட்டினால் பிரைம். குழுவின் கண் முதலில் விலைவாசி மேல்தான் இருக்கும். விலைவாசி அடங்கினாலும் வட்டியைக் குறைப்பார்கள், வியாபாரம் படுத்துவிட்டாலும் குறைப்பார்கள். எதனால் குறைந்தது என்று பிரைமைப் பார்த்துச் சொல்ல முடியாது.

பலருக்குத் தெரியாத ஒன்று: ரிசர்வ் வங்கியே தன் பொருளாதாரக் குறியீடுகளில் பிரைம் வட்டியை, பொருளாதாரம் மாறிய பிறகு பின்னால் வரும் அடையாளங்களோடுதான் சேர்த்திருக்கிறது. ஏன் என்பதற்கு 2008 பொருளாதாரச் சரிவைப் பாருங்கள். அந்தச் சரிவு 2007 டிசம்பரிலேயே தொடங்கிவிட்டதாகப் பிற்பாடு கணித்தார்கள். பிரைமோ 2008 ஜூன் வரை ஏறி 15.5ஐத் தொட்டது. 2008 டிசம்பரில் இறங்கத் தொடங்கி, 2009 ஆகஸ்டுக்குள் 10.5க்கு வந்தது. சரிவு முடிந்ததும் அந்த ஆகஸ்டில்தான். ஆக, வட்டி 5 புள்ளி இறங்கிய அந்த மாதங்கள் முழுக்கவும் கெட்ட காலமே. முதல் குறைப்பைப் பார்த்துக் கடை திறந்தவர் பாடு திண்டாட்டம்தான்.

அப்படியானால் முன்கூட்டிச் சொல்வது எது? 10 ஆண்டு அரசுப் பத்திரத்தின் வட்டிக்கும் 91 நாள் கருவூல உண்டியலின் (அரசு குறுகிய காலத்துக்கு வாங்கும் கடன் பத்திரம்) வட்டிக்கும் உள்ள இடைவெளி. குறுகிய கால வட்டி நீண்ட கால வட்டியை முந்திக்கொண்டு போனால், இன்றைக்குப் பணம் இறுக்கம், நாளைக்கு மந்தம் என்று சந்தை நினைக்கிறது என்று பொருள். ரிசர்வ் வங்கியின் முன்னோடிக் குறியீட்டில் இதுவும் ஓர் அங்கம். அதற்காக இதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். 2013 டிசம்பரில் பொருளாதாரத்தின் அடுத்த இறக்கம் தொடங்கியபோது ரெப்போ வெறும் 5 சதவீதம், இடைவெளி நன்றாக விரிந்தே இருந்தது, எச்சரிக்கவில்லை. அரசின் கடன் சுமையைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் நீண்ட காலப் பத்திரத்துக்கு அதிக வட்டி கேட்பார்கள். அதனாலும் இடைவெளி விரியும்.

இன்னொன்று, வட்டியிலிருந்து விலைவாசி உயர்வைக் கழித்துப் பாருங்கள். 2022 ஜூலையில் விலைவாசி உயர்வு 7.8, மாதக் கடைசியில் ரெப்போ 5.5. பணம் உண்மையில் மலிவு. 2024 அக்டோபரில் ரெப்போ 8, விலைவாசி உயர்வு 2.8தான். "வட்டி குறைகிறது" என்று எல்லோரும் சந்தோஷப்பட்ட நேரத்தில் பணம் முன்னைவிட இறுக்கமாக இருந்தது.

சரி, உங்கள் கடனுக்கு வருவோம். 5 லட்சம் ராண்டை 5 வருடத்தில் கட்ட, 11.75இல் மாதத் தவணை சுமார் 11,060 ராண்ட். 10.25இல் சுமார் 10,690. மைத்துனர் சொல்லும் நல்ல காலம் உங்கள் கைக்கு மாதம் 370 ராண்டாக வந்து சேர்கிறது. புதுக் கடையின் வாடகை, ஆள் சம்பளத்துக்கு முன்னால் அது எம்மாத்திரம்?

அதைவிட உங்கள் விற்பனைப் புத்தகத்தைப் புரட்டுங்கள். தைப்பூசக் காவடி, தீபாவளி மாதங்களை ஒதுக்கிவிடுங்கள், அப்போது கற்பூரமும் விளக்குத் திரியும் எப்படியும் போகும். மற்ற மாதங்களில் மசாலா விற்பனை எடையில் கூடியிருக்கிறதா? ராண்டில் மட்டும் கூடியிருந்தால் அது விலை ஏறியதால் வந்ததாக இருக்கலாம். மொத்த வியாபாரி சரக்குக்குத் தரும் 30 நாள் கடன் கெடுவைச் சுருக்கிக் கேட்கிறாரா என்பதையும் கவனியுங்கள். இந்த இரண்டும் பிரைமுக்கு முன்பே பேசும்.

அப்புறம், வங்கியில் கேட்க வேண்டியது: உங்களுக்குத் தருவது பிரைமிலா, பிரைமுக்கு மேலா? சின்னக் கடைகளுக்குப் பெரும்பாலும் மேலேதான் வைப்பார்கள். 10.25 பிரைமோடு 2 கூட்டினால் 12.25, தவணை சுமார் 11,190. ரிசர்வ் வங்கி ஒரு வருடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு குறைத்ததைவிட அந்த 2 பெரிது. பேரம் பேச வேண்டியது அதில்தான்.